ஒட்டாத ரத்தமும் திறப்பு விழாவும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கிற அருள்மேரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அதன் வேந்தர் கலைச்செல்வனின் படம் நான்கு மாடி உயரத்துக்கு முகப்பில் நிற்கிறது. படத்தில் அவர் நுண்ணோக்கிக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நுண்ணோக்கியின் மூடி கழற்றப்படவில்லை என்பது பேருந்திலிருந்து பார்த்தாலே தெரியும். படம் வைத்து ஆறு வருடமாகிறது. நிறுவனத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை.

வேந்தர் முன்பு கல் குவாரி நடத்தியவர். ஆராய்ச்சியில் அவருக்கு ஆர்வம் வந்தது, தரச்சான்று கொடுக்கும் குழு ஒன்று வந்து போன பிறகு. உங்கள் ஆராய்ச்சி எங்கே என்று குழு கேட்டதும், அவசரத்தில் மூலிகைத் தோட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடம் தரம் ஒரு படி இறங்கிவிட்டது. அடுத்த மாதமே விஞ்ஞானிகள் தேவை என்று விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து விண்ணப்பித்தவள்தான் வெற்றிச்செல்வி.

அவள் மீன்சுருட்டி என்ற ஊர்க்காரி. தாத்தா வரைக்கும் பிறத்தியார் வயலில் கூலிவேலை. அப்பா பிச்சைமுத்துதான் முதன்முதலாகச் சொந்தமாகக் கொட்டகை போட்டு, சிமெண்ட் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தவர். மகள் சென்னையில் ஆறு வருடம் படித்து, ரத்தம் உறைவதில் செல் ஒட்டு மூலக்கூறுகளின் பங்கு என்பதில் முனைவர் பட்டம் வாங்கினாள். அது என்னவென்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"டியூப்ல ஓட்டை விழுந்தா நீ பேட்ச் வெச்சு ஒட்டுற இல்லப்பா. நம்ம ஒடம்புல வெட்டு பட்டா பேட்ச் தானா ஓடி வரும். அதுக்குப் பேரு பிளேட்லெட். அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதுக்குச் சொலூஷன் மாதிரி ஒரு பொருள் அது மேலயே இருக்கு. அதைத்தான் பாக்குறேன்."

பிச்சைமுத்து கையிலிருந்த டயரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப சொலூஷன் இல்லாத பேட்ச்சோட பொறக்குற ஆளும் இருப்பாங்களா?"

"இருக்காங்கப்பா. எண்ணிப் பாத்தா பேட்ச் சரியா இருக்கும். ஆனா ஒட்டாது."

"பாவம்" என்றார் அவர்.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதே விஷயத்தை டீன் முத்தமிழ்செல்வனுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்தம் ஒட்டுவது நல்லதா கெட்டதா என்று கேட்டார். காயத்தில் ஒட்டினால் உயிர் பிழைக்கும், இதயக் குழாயில் ஒட்டினால் மாரடைப்பு வரும் என்றாள். டீன் தலையை ஆட்டினார்.

"ரெண்டும் சொல்லக் கூடாதும்மா. பிரோஷர்ல ஏதாவது ஒண்ணுதான் போட முடியும்."

நல்லது என்றே போட்டார்கள். வேலையும் கிடைத்தது.

அவளுக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஒட்டுகின்றனவா என்று பார்க்கிற இயந்திரம். ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தை அதில் வைத்து, ஒட்டத் தூண்டும் மருந்தை ஒரு சொட்டு விட்டால், ஒட்ட ஒட்டத் திரையில் கோடு மேலே ஏறும். ஒட்டாவிட்டால் கோடு தரையோடு தரையாகப் போகும். அவ்வளவுதான். நிபந்தனை ஒன்று உண்டு. எடுத்த ரத்தத்தை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் யாருடைய ரத்தமாக இருந்தாலும் பயனில்லை.

இயந்திரத்தைக் கண்ணாடி அறையில் வைத்து, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, பூட்டுப் போட்டு, சாவியை டீன் எடுத்துக்கொண்டார். வேந்தர் திறந்து வைக்க வேண்டும், அதற்குத் தரச்சான்றுக் குழு வரும் நாள்தான் தோதான நாள் என்றார். குழு எட்டு மாதம் வரவில்லை. வெற்றிச்செல்வி தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று தன் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஆய்வகத்தில் நோயாளிகளின் ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை ஆராய்ச்சி முன்னேற்ற அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். "முன்னேற்றம் இல்லை" என்று எழுதியபோது டீன் கூப்பிட்டுக் கண்டித்தார். அப்படி ஒரு பதிலுக்குப் படிவத்தில் இடம் இல்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் கீழப்பழுவூரிலிருந்து சண்முகப்பிரியா வந்தாள். பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிற பெண். அடிக்கடி சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டுகிறது என்று அவளுடைய அப்பா அரியமுத்து கூட்டி வந்திருந்தார். காது மூக்குத் தொண்டைப் பிரிவின் மருத்துவர் செந்தில்குமார் பார்த்துவிட்டு, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்றார். தட்டணு எண்ணிக்கை கேட்டார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம். குறையே இல்லை. அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

எண்ணிக் கொடுத்தவள் வெற்றிச்செல்வி. கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பெண் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். விரலில் குத்தி அரைமணி நேரமாகியும் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது பஞ்சு. வெற்றிச்செல்வி எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்பல் விழுந்தபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை என்றும், தூரம் வந்தால் பத்து நாளைக்குப் பள்ளிக்கூடம் போக முடியாது என்றும் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். சொந்தத்தில் கல்யாணமா என்று வெற்றிச்செல்வி அரியமுத்துவிடம் கேட்டாள்.

"அக்கா மவளத்தாங்க கட்டுனேன். ஏங்க, அதுல எதுவும் குத்தங்களா?"

குற்றம் ஒன்றுமில்லை, ஒரு சோதனை பார்க்க வேண்டும் என்றாள். ரத்தம் எடுத்துக்கொண்டு டீனிடம் ஓடினாள். ஒட்டாத ரத்தத்தோடு மூக்கில் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லிச் சாவியைக் கேட்டாள்.

டீன் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் வேந்தர் வெட்ட வேண்டிய ரிப்பனை ஒரு நோயாளிக்காக முன்கூட்டியே அவிழ்த்தால், நாளைக்கு நோயாளிகள் எல்லோரும் கேட்பார்கள் என்றார். கடிதம் எழுதச் சொன்னார். எழுதினாள். மூன்று பிரதி கேட்டார். கொடுத்தாள். கடிதத்தில் வேந்தர் பெயருக்கு முன்னால் கல்வித் தந்தை என்பது விடுபட்டிருந்தது. திருத்திக்கொண்டு வந்தபோது நான்கரை மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தம் இருந்த குழாயைக் குப்பையில் போட்டாள்.

கடிதம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. நோயாளிகளுக்கு ஆராய்ச்சியால் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் குழு அது. ஏழு பேர். பொதுமக்கள் சார்பில் இருந்தவர் வேந்தரின் மைத்துனர், நிறுவனத்தின் கேண்டீனை நடத்துகிறவர். சட்ட வல்லுநர், நிறுவனத்தின் நில வழக்கைப் பார்க்கிற வக்கீல். வெளிப்படைத்தன்மை முக்கியம் என்பதால் மாதிரியை நேரில் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்றார்கள். பெண்ணைத் திரும்ப வரவழைத்து, கூட்ட அறைக்கு வெளியே நாற்காலியில் உட்காரவைத்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் அனுமதி தந்துவிடுவதாகச் சொல்லியிருந்ததால் வெற்றிச்செல்வி சம்மதித்தாள்.

குழாய் மேஜையைச் சுற்றி வந்தது. ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒருவர் குலுக்கினார். குலுக்கக் கூடாது என்று அவள் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு இதை வைத்து வரப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு பற்றி விவாதம் வந்தது. 'ஒட்டாத தட்டணுக்கள்' என்பதில் எதிர்மறைத் தொனி இருக்கிறது, நம் நிறுவனத்தில் ஒன்றும் ஒட்டாது என்று ஆகிவிடும் என்றார் வக்கீல். 'ஒற்றுமையை நோக்கித் தட்டணுக்கள்' என்று மாற்றினார்கள். கட்டுரையில் முதல் பெயர் வேந்தருடையது, இரண்டாவது அவர் மருமகளுடையது என்று தீர்மானம் ஆனது. மருமகள் உள் அலங்காரம் படித்தவர். டீனின் பெயர் அடுத்து. வெற்றிச்செல்வியின் பெயருக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு உறுப்பினர் கரிசனத்தோடு கேட்டார். நன்றியுரையில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது சாப்பாடு வந்தது.

சாப்பிடும்போது வெற்றிச்செல்வி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். சண்முகப்பிரியா முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அதே நாற்காலியில் இருந்தாள். பாவாடையில் திட்டுத்திட்டாக ரத்தம். உள்ளே கோழி எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற சத்தம் வெளியே கேட்டது. வெற்றிச்செல்வி கதவை இழுத்துச் சாத்தினாள்.

அனுமதி ஐந்தாவது மணி நேரத்தில் கிடைத்தது. இயந்திரம் திறந்துவைக்கப்பட்ட பிறகு பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார்கள்.

நல்லவேளையாகத் தரச்சான்றுக் குழு ஒருவழியாக வருவதாகச் செய்தி வந்தது. குழு வருவது அறுவைக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள். டீன் அவளைக் கூப்பிட்டு, விழா மேடையிலேயே சோதனை செய்து காட்டிவிடு, உன் வேலையும் முடியும், எங்கள் வேலையும் முடியும் என்றார். கண்ணாடி அறையிலிருந்து இயந்திரத்தைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். ரிப்பன் கூடவே வந்தது.

சண்முகப்பிரியாவுக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். காலையிலேயே அவளிடம் மூன்றாவது தடவையாக ரத்தம் எடுத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருவரின் ரத்தமும் வேண்டும். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் வரவேற்பு நடனத்தில் இருந்ததால், நிறுவனத்தின் டிரைவர் அண்ணாதுரை கையை நீட்டினார்.

வேந்தர் ரிப்பனை வெட்டினார். பிறகு பேசினார்.

"நான் படிச்சது எட்டாவதுதான். ஆனா எனக்குக் கீழ நூத்தி நாப்பது டாக்டர் வேலை பாக்குறாங்க. ஆராய்ச்சின்னா என்னன்னு என்கிட்ட கேக்குறாங்க. மலைக்குள்ள என்ன கல்லு இருக்குன்னு பாக்காமலே சொல்லிடுவேன். அதுதாங்க ஆராய்ச்சி. பாத்துச் சொல்றதுக்கு நான் எதுக்கு?"

தரச்சான்றுக் குழுவின் மூன்று பேரும் கைதட்டினார்கள். வெற்றிச்செல்வி இயந்திரத்தில் இரண்டு குழாய்களையும் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டாள். மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் இரண்டு கோடுகள் புறப்பட்டன. டிரைவரின் கோடு தயங்காமல் மேலே ஏறியது. சண்முகப்பிரியாவின் கோடு தரையை விட்டு எழவே இல்லை. இன்னொரு மருந்து விட்டுப் பார்த்தாள். அப்போதும் எழவில்லை.

அவள் நினைத்தது சரி. ஆறு வருடம் புத்தகத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். அந்தப் பெண் பிழைத்தாள் என்று நினைத்தாள். இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தைக் கிழித்தெடுத்தாள்.

டீன் முகத்தில் சிரிப்பு மாறாமல் அவள் காதருகே வந்தார். "என்னம்மா, ஒண்ணு படுத்துக்கிச்சு? மெஷின் ரிப்பேரா?"

"இல்ல சார். படுத்திருக்குறதுதான் ரிசல்ட்."

"வந்தவங்க பாக்குறாங்கம்மா. ஏறுறது யாரோடது?"

"டிரைவரோடது."

டீன் ஒரு நொடி யோசித்தார். பிறகு மைக்கை வாங்கி, கீழே கிடப்பது சிகிச்சைக்கு முன்பு இருந்த நிலை, மேலே ஏறுவது நம் நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற பின்பு சண்முகப்பிரியாவின் ரத்தம் என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்ணை மேடைக்கு ஏற்றி, சால்வை போர்த்தி, நலமடைந்தவர் என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை ஒரு கையால் வாங்கினாள். இன்னொரு கையால் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள்.

வெற்றிச்செல்வி மைக்கை நோக்கிப் போனாள். வரவேற்பு நடனப் பாட்டை மறுபடி போட்டுவிட்டார்கள். அவள் வாய் அசைவதைத்தான் முன்வரிசைக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

மூன்று மணிக்கு அவளுடைய கையெழுத்து இல்லாமலே அறிக்கை டீன் அலுவலகத்திலிருந்து வார்டுக்குப் போய்விட்டது. தட்டணு ஒட்டும் திறன்: இயல்பு. அவள் செந்தில்குமாரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, மேடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னது ஒன்று, நீங்கள் தனியாக வந்து சொல்வது ஒன்று, தாளில் இருப்பதைத்தான் நான் பார்க்க முடியும் என்றார். நீங்கள் டாக்டர் என்றாலும் டாக்டர் இல்லையே என்றும் சொன்னார். காலை எட்டு மணிக்கு அறுவை.

வார்டில் அரியமுத்து சான்றிதழைக் கட்டிலுக்கு மேலே சாய்த்துவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வி அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அம்புட்டு பெரிய மனுசங்க மேடையில நின்னு பொய்யாங்க சொல்லுவாங்க?"

"காலையில ஊசி குத்துன எடத்தைப் பாருங்க."

அவர் மகளின் முழங்கையை விரித்தார். பஞ்சை எடுத்தார். ஏழு மணி நேரமாகியும் ஒரு பொட்டு ரத்தம் கசிந்து, உருண்டு, கை வழியாக இறங்கியது. அவர் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "எங்கங்க போவணும்?" என்றார்.

திருச்சி அரசு மருத்துவமனையில் ரத்த நோய் பார்க்கிற ஒரு மருத்துவரை அவளுக்குத் தெரியும். அவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாமல் காவலாளி வெளியே விடமாட்டார், சீட்டில் டீன் கையெழுத்துப் போடமாட்டார். என்ன செய்வது என்று நடைபாதையில் நின்றபோது அண்ணாதுரை வந்தார். தன் ரத்தத்தை வேறொரு பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டார்கள் என்பது அவருக்கு மேடையிலேயே புரிந்திருந்தது.

"குழுக்காரங்கள ஏர்போர்ட்ல விட திருச்சிக்குத்தான் போறேன். பின்னாடி சீட்டு காலியாக் கெடக்கு. ஏறச் சொல்லுங்க. வேந்தர் வண்டிய கேட்ல எவனும் நிறுத்தமாட்டான்."

வெற்றிச்செல்வி இயந்திரக் காகிதத்தை மடித்து அரியமுத்துவின் சட்டைப்பையில் வைத்தாள். அதன் பின்பக்கத்தில், மூக்கிலோ பல்லிலோ கத்தி வைக்கக் கூடாது, ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். குழுவினர் மூவரும் பரிசுப் பெட்டிகளோடு ஏறினார்கள். பின்னால் இருப்பது யார் என்று ஒருவர் கேட்டதற்கு, காலையில் மேடையில் குணமான பெண், வீட்டுக்குப் போகிறாள் என்றார் அண்ணாதுரை. குணமான ஏழை நோயாளிகளை வேந்தர் தன் சொந்தக் காரிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார் என்று குழுவின் அறிக்கையில் ஒரு பத்தி வந்தது. அதற்குத் தனி மதிப்பெண்.

திருச்சி மருத்துவர் காகிதத்தைப் பார்த்ததும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். இருந்தாலும் அவருடைய ஆய்வகத்தில் மறுபடி பார்த்தார். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள். அதே தரையோடு போகிற கோடு. பிறவியிலேயே ஒட்டு மூலக்கூறு இல்லை. குணமாக்க வழியில்லை, ஆனால் கவனமாக இருந்தால் எல்லோரையும் போல வாழலாம் என்று சொல்லி, ரத்தம் கொட்டினால் போடுகிற மாத்திரையும், எப்போதும் கூடவே வைத்திருக்க ஒரு அட்டையும் கொடுத்தார். அந்த அறுவை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரியமுத்து கேட்டாராம். மருத்துவர் அந்த அட்டையை அவர் கையில் அழுத்தி, பத்திரம் என்றாராம்.

அடுத்த வாரம் விசாரணை. நெறிமுறைக் குழுவில் இருந்த அதே ஏழு பேர். நிறுவனத்தின் காகிதத்தைத் திருடியது, இயல்பான நோயாளிக்கு நோய் இருப்பதாகச் சொல்லிப் பீதி கிளப்பியது, நன்றியுரையில் இடம் கொடுத்தும் நன்றி இல்லாமல் நடந்துகொண்டது என்று மூன்று குற்றச்சாட்டுகள். டீன்தான் முடிவுரை பேசினார்.

"உண்மையைச் சொல்றது தப்புன்னு யாரும் சொல்லலம்மா. ஆனா ஒரு நிறுவனம்னு இருந்தா உண்மைக்கும் ஒரு முறை இருக்கு. விண்ணப்பிக்கணும். நாங்க பாக்கணும். ஏத்துக்கலாம்னு தோணுனா ஏத்துக்குவோம். நீயா எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு?"

அந்தக் கோடு இயந்திரக் கோளாறு என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். வெற்றிச்செல்வி மறுத்தாள். அன்று மாலையே வேலை போயிற்று. அண்ணாதுரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுவனத்துக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்ததற்காக அவருக்குக் கைக்கடிகாரம் தந்தார்கள். நிறுவனத்துக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. 'ஒற்றுமையை நோக்கித் தட்டணுக்கள்' ஒரு பத்திரிகையில் வெளிவந்தது, வேந்தரின் மருமகளுக்குச் சிறந்த இளம் விஞ்ஞானி விருது கொடுத்தார்கள்.

வெற்றிச்செல்வி ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். சர்க்கரை, உப்பு, ரத்த அணு எண்ணிக்கை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் முற்பகலில் செல்போன் அடித்தது. டீன் முத்தமிழ்செல்வன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. நலம் விசாரித்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று முதல் தடவையாகக் கேட்டார்.

"மக வயித்துப் பேரன்மா. ஒம்பது வயசு. பல்லு புடுங்குனாங்க. ரெண்டு நாளா ரத்தம் நிக்கல. எண்ணிக்கையெல்லாம் சரியாத்தான் இருக்கு. திருச்சியில அந்த டாக்டர், அந்தப் பொண்ணப் பாத்தாரே, அவர் நம்பர் வேணும்."

"நம்ம மெஷின்ல வெச்சுப் பாத்தீங்களா சார்?"

எதிர்ப்பக்கத்தில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அங்க எப்படிம்மா பாக்குறது" என்றார் டீன். "அவன் என் பேரனாச்சே."

அவள் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதிக்கொண்டாரா என்று கேட்டு, மறுபடியும் ஒருமுறை சொன்னாள். வலிக்கு ஆஸ்பிரின் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், சுத்தமான துணியை மடித்துப் பல் இருந்த இடத்தில் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இப்போதே கிளம்புங்கள், மத்தியானம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றாள். டீன் நன்றி சொன்னார். இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், நிறுவனத்தின் பெயர் என்று ஒன்று இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

வெற்றிச்செல்வி ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்து, செல்போனின் காதில் வைத்த பக்கத்தைத் துடைத்தாள். பிறகு காதைத் துடைத்தாள். போதவில்லை என்று தோன்றியதால் புதுப் பஞ்சு எடுத்து மறுபடியும் துடைத்தாள்.